மரம் யார் வீட்டில், விளக்கு யார் வீட்டில்: கலப்புமணக் குடும்பங்களில் யூதக் குழந்தைகள்

2024-இல் கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலமே, யூதர்களின் எட்டு இரவு விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் முதல் விளக்கும் வந்தது. 2005-க்குப் பிறகு இப்படி அமைந்தது அப்போதுதான். அன்று நான் பாஸ்டன் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் இருந்தேன். அவர் யூதர். மனைவி ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மதியச் சாப்பாட்டை மனைவியின் அம்மா வீட்டில், கிறிஸ்துமஸ் மரத்தடியில் முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பியிருந்தார்கள். எட்டு வயது மகள் மெழுகுவத்தி டப்பாவைப் பிரித்தாள். எட்டு இரவுக்கும் சேர்த்து 44 இருக்கும். அன்றைக்கு வேண்டியது இரண்டே: முதல் இரவுக்கு ஒன்று, அதை ஏற்றுவதற்கு ஷமாஷ் என்கிற துணைவிளக்கு ஒன்று. மற்ற இரவுகளில் இரண்டு ஆசீர்வாதம், முதல் இரவில் மட்டும் மூன்று. மூன்றாவதைச் சொல்லாமலே அப்பா விளக்கேற்றப் போனார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லவைத்தாள். அடுப்படியில் அம்மா உருளைக்கிழங்கைத் துருவி லாட்கே பொரித்துக்கொண்டிருந்தார்.

பார்ப்பதற்கு இரண்டு மதமும் கலந்த வீடு மாதிரி இருக்கும். உண்மையில் அந்த வீட்டில் மரம் கிடையாது. மரம் பாட்டி வீட்டில்தான். இதைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே பேசி முடிவு செய்திருந்தார்கள்.

அமெரிக்காவில் இது எங்கோ ஓரிரு வீட்டுக் கதை இல்லை. பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்புப்படி, 2010-க்குப் பிறகு மணம் செய்த யூதர்களில் 61 சதவீதம் பேருக்குத் துணை யூதரல்லாதவர். மரபுச் சட்டத்தை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூதர்களை விட்டுவிட்டுப் பார்த்தால் 72 சதவீதம். இவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: வீட்டின் மதம் யூதம் மட்டுமே என்று வைப்பது, இரண்டையும் சேர்த்துக் கற்பிப்பது, எதையும் கற்பிக்காமல் பிள்ளையின் விருப்பத்துக்கு விடுவது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். கேட்கப் பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் “வளர்ந்த பிறகு அவனே தேர்ந்துகொள்ளட்டும்” என்று விட்ட பிள்ளைக்குத் தேர்ந்துகொள்ள கையில் ஒன்றுமே இருக்காது. வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளின் தமிழ் இதற்குச் சாட்சி. “பெரியவனானதும் கற்றுக்கொள்வான்” என்று விட்ட வீடுகளில் எத்தனை பேர் கற்றுக்கொண்டார்கள்?

இரண்டாவது வழியை அப்படித் தள்ள முடியாது. வாஷிங்டன் பகுதியில் 1995-இல் இப்படிப்பட்ட குடும்பங்களே சேர்ந்து ஒரு அமைப்பைத் தொடங்கின. அங்கே ஒரே வகுப்பில் இரண்டு மரபையும் சொல்லித் தருகிறார்கள். யாரும் தன் வீட்டிலேயே விருந்தாளி ஆவதில்லை. இரு பக்கத்துத் தாத்தா பாட்டிக்கும் சமமான இடம். பெற்றோர் இருவருமே ஆழ்ந்த பக்தி உள்ளவர்கள் என்றால், ஒருவர் வாயை மூடிக்கொண்டு வாழ்வதைவிட இது நேர்மையானது என்பேன்.

ஆனால் இந்த வழிக்கு உண்மையான சோதனை டிசம்பரில் இல்லை, வசந்தத்தில் இருக்கிறது. யூத நாட்காட்டியில் ஹனுக்கா சின்னப் பண்டிகை. கிறிஸ்துமஸ் பக்கத்தில் விழுவதால் அமெரிக்காவில் பெரிதாகிவிட்டது. மரமும் விளக்கும் ஒரே கூடத்தில் நின்றால் யார் நம்பிக்கையும் உடையாது. யூதர்களின் வசந்தகாலப் பண்டிகையான பஸ்கா அப்படி இல்லை. 2022-இல் பஸ்காவின் முதல் இரவு புனித வெள்ளியன்று வந்தது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கதையை வெள்ளி இரவு மேஜையில் சொல்லிவிட்டு, ஞாயிறு காலை இயேசு உயிர்த்தெழுந்தார் என்று பாடும் பிள்ளை ஒருநாள் கேட்கும்: அவர் மேசியாவா, இல்லையா? இரண்டையும் தெரிந்துகொள்ளலாம், இரண்டுக்கும் ஆமாம் சொல்ல முடியாது. இன்னொரு சிக்கல், யூதச் சமயப் பள்ளிச் சேர்க்கை. வேறு மதத்தில் முறையாகப் பயிலும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று 1995-இலேயே, மரபைக் காலத்துக்கேற்பத் தளர்த்தும் சீர்திருத்த யூத இயக்கம் தன் ஜெப ஆலயங்களுக்குப் பரிந்துரைத்தது.

என் ஓட்டு முதல் வழிக்கு. வீட்டில் யூதம் மட்டுமே என்று வைத்தவர்கள் கிறிஸ்துமஸைப் பிறந்தநாள் விழாவோடு ஒப்பிடுவார்கள்: பாட்டி கொண்டாடுகிறார், நாம் போய்ச் சந்தோஷமாகக் கேக் சாப்பிடுகிறோம், ஆனால் பிறந்தநாள் நம்முடையது இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூட இது புரிகிறது.

இதற்கு விலை உண்டு, அதைக் கொடுப்பவர் பெரும்பாலும் யூதரல்லாத பெற்றோர். நண்பரின் மனைவிதான் ஞாயிறு காலையில் மகளை ஹீப்ரு பள்ளிக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறார். சின்ன வயதிலிருந்து அவர் பூசைக்குப் போன நேரம் அது. வெளியே காரில் உட்கார்ந்திருப்பாராம். இந்தத் தியாகத்தைக் கணக்கில் எடுக்காமல் “யூதமாகவே வளர்ப்போம்” என்று சொல்லும் கணவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அப்பா யூதர் என்றால் தினசரி வேலையையும் அவரே செய்ய வேண்டும்: வெள்ளி மாலை மெழுகுவத்தி, ஹல்லா ரொட்டி, பள்ளிக்கு அழைத்துப்போவது எல்லாம்.

அப்புறம் சட்டம். யூத மரபுச் சட்டத்தில் தாய் யூதர் என்றால்தான் பிள்ளை யூதர். அமெரிக்கச் சீர்திருத்தப் பிரிவு 1983-இல் இதைத் தளர்த்தியது: பெற்றோரில் ஒருவர் யூதராக இருந்து, பிள்ளை யூதராகவே வளர்க்கப்பட்டால் போதும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கன்சர்வேட்டிவ் பிரிவும் ஆர்த்தடாக்ஸ் பிரிவும் இதை ஏற்கவில்லை. யூதர்கள் இஸ்ரேலில் குடியேற வழி செய்யும் திரும்பிவரும் உரிமைச் சட்டம் 1970 திருத்தத்துக்குப் பிறகு யூதரின் பேரப்பிள்ளைகளுக்குக்கூட இடம் தருகிறது, ஆனால் அங்கே யூதத் திருமணம் ஆர்த்தடாக்ஸ் ரபிகளின், அதாவது யூத மதகுருக்களின், கையில். இருபது வருடம் யூதப் பெண்ணாக வாழ்ந்தவளிடம் “நீ யூதர் இல்லை” என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? நண்பரின் பெற்றோர் கன்சர்வேட்டிவ் பிரிவினர். அதனால் மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே மூன்று பேர் கொண்ட ரபிகள் மன்றத்தின் முன் மிக்வே என்கிற சடங்குக் குளத்து நீரில் முழுக்காட்டி முறைப்படி சேர்த்துவிட்டார்கள். அம்மா யூதர் என்றால் இந்தக் கவலையே வேண்டாம். எந்தப் பிரிவும் கேள்வி கேட்காது.

எந்த வழியை எத்தனை பேர் எடுக்கிறார்கள்? பியூ கணக்கில், கலப்புமணம் செய்து சிறு பிள்ளைகளை வளர்க்கும் யூதர்களில் 28 சதவீதம் பேர் பிள்ளைகளை மத அளவிலும் யூதராகவே வளர்க்கிறார்கள். யூதத்தோடு இன்னொரு மதத்தையும் சேர்த்து வளர்ப்பவர்கள் 12 சதவீதம்.

2025-இல் ஈஸ்டர் பஸ்காவின் எட்டாம் நாளில் வந்தது. புளித்த மாவு எதையும் தொடாத கடைசி நாள். கத்தோலிக்கப் பாட்டி வீட்டு மேஜை நிறைய ரொட்டியும் கேக்கும். பேத்தியின் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும், பாட்டி தானே கடைக்குப் போய் வாங்கி வைத்த மாட்சா என்கிற புளிக்காத ரொட்டிப் பெட்டி ஒன்று, பிரிக்காமல் இருந்தது.