பெரிய நர்சிங் மையமா, பன்னிரண்டு பேர் இருக்கும் வீடா? அம்மாவுக்காக இரண்டையும் பார்த்த அனுபவம்

அம்மாவுக்கு அல்சைமர் என்று 2017இல் தெரிந்தது. 2022 ஜூன் வரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு இரண்டு இடங்கள். முதலில் ஏழு வாரம், ஆஸ்பத்திரி மாதிரியே நடக்கும் ஒரு பெரிய நர்சிங் மையம். அப்புறம் இன்றுவரை, டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய், உள்ளவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்ன இல்லம். இரண்டும் சென்னையில்தான். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. நான் சின்ன இல்லத்தின் பக்கம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வீட்டில் வைத்துப் பார்ப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முடிகிற வரைக்கும் வீடுதான். எங்களுக்கு முடியாமல் போனது ராத்திரிகளால். அம்மா இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து வாசல் கதவைத் திறக்கப் பார்ப்பார். ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம். ஐந்து மாதத்தில் ஆறு பேர் மாறினார்கள். நான் வேலைக்குப் போகிறவள், தம்பி மஸ்கட்டில். ஒரு நாள் விடியற்காலை அம்மா மெயின் ரோட்டில் நின்றுகொண்டிருந்ததைப் பால்காரர் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கு மேல் தைரியம் இல்லை.

முதலில் வெளிப்படையான வித்தியாசங்கள். பெரிய மையத்தில் லிப்ட், ஆக்சிஜன், பிசியோதெரபி அறை எல்லாம் உண்டு. 24 மணி நேரமும் சிஸ்டர் இருப்பார், தினமும் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். கேமராவை நம் போனிலேயே பார்க்கலாம். எங்களிடம் மாதம் 58,000 ரூபாய் வாங்கினார்கள். டயப்பர், மருந்து தனி. வீட்டிலிருந்து பத்து நிமிடம். சின்ன இல்லம் ஒரு வாடகை வீடு. பன்னிரண்டு பேர். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார், லிப்ட் கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் கால் மணி நேரம். சேரும்போது மாதம் 46,000, இரண்டு மாத அட்வான்ஸ். எனக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும். சாப்பாடும் சுத்தமும் இரண்டு இடத்திலும் குறை சொல்ல முடியாது. நாங்கள் எடுத்திருந்த மருத்துவக் காப்பீடு இரண்டுக்குமே பைசா தரவில்லை.

இப்படி எழுதிப் பார்த்தால் பெரிய மையம்தான் ஜெயிக்கும். நாங்களும் இப்படித்தான் ஒரு தாளில் எழுதிப் பார்த்து அங்கே சேர்த்தோம். அந்தத் தாளில் நாங்கள் எழுதாமல் விட்டது, ராத்திரி அங்கே யார் இருப்பார் என்பது.

அம்மா மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலை நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டவர். என் பெயர் மறந்துபோன பிறகும் அந்த நாலரை மணி மறக்கவில்லை. வீட்டில் அவர் கதவைத் திறக்கப் பார்த்ததும் இதற்காகத்தான். "வாசல் தெளிக்கணும்" என்று அவர் தெளிவாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். தூக்கக் கலக்கத்தில் நாங்கள்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

பெரிய மையத்தில் அம்மா இருந்த தளத்தில் 22 பேர். ராத்திரி அந்த 22 பேருக்கும் ஒரு சிஸ்டர், இரண்டு அட்டெண்டர். நாலரை மணி என்பது அவர்களுக்கு டயப்பர் மாற்றும் நேரம், புண் வராமல் இருக்க ஆட்களைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம். அந்த நேரத்தில் ஒரு பாட்டி எழுந்து நடமாடினால் என்ன செய்வார்கள்? கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கிவிட்டார்கள். இரண்டாவது வாரம் அம்மா அந்தக் கம்பி மேல் ஏறி இறங்கப் பார்த்து விழுந்தார். கம்பி இல்லாமல் விழுந்திருந்தால் ஒன்றரை அடி. இது மூன்றடி உயரத்திலிருந்து. முழங்கையோடு போனது எங்கள் அதிர்ஷ்டம்.

அதற்கு அடுத்த வாரம் போன் வந்தது. "ராத்திரி தூங்கறதுக்கு ஒரு சின்ன மாத்திரை ஆரம்பிச்சிருக்கோம்மா." கொடுத்தது குயிட்டியபின். மனநோய்க்குத் தரும் மாத்திரை. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மாத்திரைகளைக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போடவைத்தது. டாக்டர்களுக்கு இது தெரியாமல் இல்லை. நோயாளி தன்னையோ பிறரையோ காயப்படுத்துகிற நிலையிலும், பயத்தில் துடிக்கிற நிலையிலும் சில நேரம் இது தேவைப்படும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அம்மா அப்படி எதுவும் இல்லை. நாலரை மணிக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாததற்காக அவருக்கு அந்த மாத்திரை போனது.

நான் போகும்போது காலை பதினொரு மணிக்கும் அரைத் தூக்கத்தில் இருப்பார். உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், கை விறைத்திருக்கும், இட்லியை ஊட்டினால் வாயிலேயே வைத்திருப்பார். அந்த அட்டெண்டர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஏஜென்சி ஆட்கள், இந்த வாரம் இந்தத் தளம், அடுத்த வாரம் வேறு இடம். ஏழு வாரத்தில் அம்மாவின் கட்டிலருகே ஒன்பது முகங்களைப் பார்த்தேன். அதில் ஒருவருக்காவது அம்மாவின் கோலம் பற்றி நான் சொல்லியிருப்பேன். அதைக் கேட்டவரும் போயிருப்பார்.

சின்ன இல்லத்தில் சேர்க்கும் முன் அதை நடத்துகிற அம்மையார் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், தலைக்கு என்ன எண்ணெய், யார் பெயரைச் சொன்னால் முகம் மலரும், எதைக் கண்டால் பயம். பழைய ரிப்போர்ட்டுகளை அதற்கப்புறம்தான் வாங்கிப் பார்த்தார். நாலரை மணி விஷயத்தைச் சொன்னதும் கேட்ட ஒரே கேள்வி: "புள்ளிக் கோலமா, சிக்குக் கோலமா?"

முதல் வெள்ளிக்கிழமை ராத்திரி அங்கேயே தங்கினேன். நாலே முக்கால் இருக்கும். அம்மா எழுந்து உட்கார்ந்ததும் நைட் டூட்டியில் இருந்த அக்கா, கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், விளக்கைப் போட்டார். "பாட்டி, தண்ணி ரெடி" என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனார். கேட்டுக்கு உள்பக்கம் ஒரு சின்ன சிமென்ட் தரை. கால்வாசி நிறைந்த வாளி, எவர்சில்வர் டப்பாவில் கோலப்பொடி. அம்மா தெளித்தார், குனிந்து ஐந்து புள்ளி வைத்தார், கீழே மூன்று. இழை எங்கெங்கோ போனது, எதுவும் கூடவில்லை. நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். என் சின்ன வயதில் தினமும் பார்த்த அதே நிற்கும் விதம். அந்த அக்கா எதையும் திருத்தவில்லை. காபி கொடுத்தார். அம்மா திரும்பப் போய்ப் படுத்து ஏழரை வரை தூங்கினார். அங்கே வருகிற டாக்டர் ஆறு வாரத்தில் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

இதை அன்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பெரிய மையத்தில் அன்பானவர்கள் இல்லாமல் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சின்ன இல்லத்தில் ராத்திரி பன்னிரண்டு பேருக்கு இரண்டு பேர். அந்த இருவரும் ஏஜென்சி ஆட்கள் இல்லை, இல்லமே நேரடியாகச் சம்பளம் கொடுக்கிறது. பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டு, வாரம் ஒரு நாள் லீவு, மாடியில் தங்க அறை. அதனால் ஆள் போவதில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களில் மூன்று பேர் அம்மா சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை அதே மூன்று பேர்தான்.

ஆள் மாறாமல் இருப்பதால் மருத்துவ ரீதியாக என்ன லாபம் என்று தம்பி கேட்டான். 2024 மார்கழி கடைசியில் அதற்குப் பதில் கிடைத்தது. ஒரு நாள் காலை அந்த அக்கா போன் செய்தார். "பாட்டி இன்னைக்குப் புள்ளியே வெக்கலம்மா. பொடிய வாயில போடப் போனாங்க. என்னமோ சரியில்ல." காய்ச்சல் இல்லை, பிரஷர் சரியாக இருந்தது. அன்றைக்கே சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள்; தொற்று. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் சில நேரம் காய்ச்சல் வராமலே திடீர்க் குழப்பமாக வெளியே தெரியலாம். மருந்து ஆரம்பித்து ஒரு வாரத்தில் புள்ளிகள் திரும்ப வந்தன. அம்மாவை முந்தின நாள்தான் முதல்முறை பார்த்த ஒருவராக இருந்திருந்தால், "நோய் முத்திடுச்சு" என்று சொல்லியிருப்பார், நாமும் நம்பியிருப்போம்.

சாப்பாடு ஊட்டுவதிலும் இதே கதை. அம்மாவுக்கு இப்போது ஒரு வேளை சாப்பாட்டுக்கு 40 நிமிடம் ஆகிறது. அம்மாவின் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்பூனை அம்மா கையிலேயே கொடுத்து, அந்தக் கையைத் தன் கையால் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிறார்கள். தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். நேரம் இல்லாத இடத்தில் இது நடக்காது. மூக்கில் குழாய் போடலாமா என்ற பேச்சு வந்துவிடும். பெரிய மையத்தில் ஆறாவது வாரமே வந்தது. முற்றிய டிமென்ஷியாவில் குழாய் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதில்லை, பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அந்தப் பொறுமைக்கு ஆள் வேண்டும்.

அதனால் இல்லம் பார்க்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். பகல் பதினொரு மணிக்குப் போய் ரிசப்ஷனில் உட்காராதீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒருமுறை போங்கள். டூட்டியில் இருக்கிற அட்டெண்டரிடம் "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க, சம்பளம் யார் குடுக்கறாங்க" என்று கேளுங்கள். "ஏஜென்சி" என்று பதில் வந்தால் அடுத்த மாதம் அவர் அங்கே இருப்பார் என்று நம்பிச் சேர்க்காதீர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பாட்டியைக் காட்டி "இவங்க என்ன வேலை பார்த்தாங்க" என்று கேட்டுப் பாருங்கள். சின்ன இல்லத்து அக்கா ஒவ்வொருவருக்கும் சொன்னார்: இவர் டெலிபோன் ஆபரேட்டர், அவர் தறி நெய்தவர், அவருக்கு ஏழு மாடு இருந்தது.

சரி, பெரிய மையம் யாருக்கு? மூக்குக்குழாய், தொண்டைத் துளை, பெரிய படுக்கைப்புண், டயாலிசிஸ் என்று இருப்பவர்களுக்குச் சின்ன இல்லம் போதாது. பக்கவாதமும் சேர்ந்து வந்தவர்களுக்கு அந்த பிசியோதெரபி அறை பெரிய விஷயம். அம்மாவுக்கு இவை எதுவும் இல்லை என்பதால் என் அனுபவம் அந்தப் பக்கம் மெலிந்தது. கோபத்தில் அடிக்கிற நிலையில் உள்ள ஆண்களைச் சின்ன இல்லத்தில் எப்படிச் சமாளிப்பார்கள் என்பதையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அம்மாவோடு இருப்பவர்களில் பத்துப் பேர் பெண்கள். இன்னொரு பயமும் உண்டு. அந்த இல்லம் ஒரே ஒரு அம்மையாரின் உழைப்பில் நிற்கிறது. அவருக்கு 61 வயது. நாளைக்கு அவரால் முடியாமல் போனால் பன்னிரண்டு குடும்பமும் தெருவில் நிற்கும். பெரிய மையத்துக்கு அந்தக் கவலை இல்லை.

பணம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். அம்மா தம்பிக்கு பவர் ஆப் அட்டர்னி கொடுத்திருந்தார், அது போதும் என்று நினைத்தோம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் நிலையை இழந்தால் அந்த பவர் முடிந்துவிடும். தேவைப்படுகிற நேரத்தில் செல்லாது. நோய் தெரிந்த உடனே கணக்கை ஜாயின்ட் கணக்காக மாற்றிவிடுங்கள். பென்ஷன் வாங்குபவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழை 2021இலிருந்து போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம். கைரேகை விழாத விரல்களோடு வங்கிக்கு அலைய வேண்டாம்.

60 வயது தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்று 2023இல் வந்த ஆய்வு சொல்கிறது. இல்லம் தேடும் முன் பேச ஆள் வேண்டுமென்றால், 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற டிமென்ஷியா உதவி அமைப்புக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. சென்னையில் மனநலத்துக்காக இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனமும் டிமென்ஷியாவுக்கு என்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது.

இந்த மாதம் அம்மாவால் குனிய முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகில் பொடி போடச் சொல்கிறார்கள். விழுங்குவதும் குறைந்துகொண்டு வருகிறது. கடைசி வரை வைத்துக்கொள்வீர்களா என்று அம்மையாரிடம் நேராகவே கேட்டேன். குழாய் வேண்டாம், வென்டிலேட்டர் வேண்டாம் என்று நீங்கள் இருவரும் எழுதிக் கொடுத்தால் வைத்துக்கொள்கிறேன் என்றார். தம்பி அடுத்த மாதம் லீவில் வருகிறான். டாக்டரோடு உட்கார்ந்து பேசிவிட்டு எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.