சாளக்கிராமம் வாங்கப் போகிறீர்களா? இரண்டு பாதியையும் முதலில் மூடிப் பாருங்கள்

முக்திநாத் யாத்திரை கிளம்புகிறவர்களும், போகிறவர்களிடம் பெருமாளாகப் பூஜிக்கிற சாளக்கிராமக் கல்லை வாங்கிவரச் சொல்லியிருப்பவர்களும் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நான் 9,600 நேபாள ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். நம் பணத்துக்கு 6,000. பணம்கூடத் தொலையட்டும், பதினோரு நாள் அந்தக் கல்லின் தீர்த்தத்தை எங்கள் வீட்டில் நாலு பேர் குடித்திருக்கிறோம்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அம்மா கூப்பிட்டாள். திருமஞ்சனம் செய்த வட்டிலில், துளசிக்குப் பக்கத்தில், பொன்னிறமாக ஏதோ மெல்லிய ஏடு மிதந்தது. "பெருமாள் தங்கமாக் கரையறார் பாருடா" என்றாள் சந்தோஷமாக. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த விஷயத்தில் நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை, அதுதான் வெட்கம். திருச்சிக்காரன். காரை என்கிற கிராமத்துப் பக்கத்து செம்மண் ஓடைகளில் இருபது வயதிலிருந்து சுற்றியவன். பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்பதும், வாரணவாசியில் அதற்கென்றே அருங்காட்சியகம் இருப்பதும், யார் வீட்டுக்கு வந்தாலும் நான் அளக்கிற கதை. சாளக்கிராமம் என்பது பெரும்பாலும் அம்மோனைட் என்கிற, சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் பிராணியின் புதைபடிவம்தான் என்றும் தெரியும். இமயம் எழும்புவதற்கு முன் அந்த இடத்தில் கிடந்த டெதிஸ் கடலின் அடிச் சேற்றில், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் செத்து விழுந்த ஓடுகள் அவை. ஓட்டைச் சுற்றித் தாதுக்கள் இறுகி உருண்டையாகும், சேறு கருப்புக் களிப்பாறையாகும். அந்தப் பாறையைக் காளி கண்டகி அரிக்கும்போது உருண்டைகள் ஆற்றில் விழுந்து உருளும். இவ்வளவும் தெரிந்துதான் ஏமாந்தேன்.

அம்மாவுக்கு வேண்டியது முழு உருண்டை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றுக்கு, அதுவும் எழுபது வயதுக்குமேல், வந்தாயிற்று, திருமங்கையாழ்வார் பாடிய இடத்துப் பெருமாளைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். உருண்டையை இரண்டாகப் பிளந்தது வேண்டும் என்றவன் நான். சுருள் வெளியே தெரிய வேண்டும், வந்தவர்களுக்குக் காட்ட வேண்டும். சாளக்கிராமத்தை விலை பேசக் கூடாது என்று பெரியம்மா போனிலேயே சொன்னாள். கேட்டேனா?

முக்திநாத் பாதையோரத்தில் விற்றவை எல்லாம் எனக்கு மூளியாகத் தெரிந்தன. ஒன்றில் பாதிச் சுருள்தான் இருந்தது, இன்னொன்று விளிம்பு உடைந்தது. சரி, பொக்காரா இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். ஏரிக்கரைக் கடை ஒன்றில், பூஜைக்கா புதைபடிவமா என்று இந்தியில் கேட்டான் கடைக்காரன். இரண்டுக்கும் என்றேன். அந்த ஒரு வார்த்தையிலேயே என்னை எடை போட்டிருப்பான். உள்ளே போய் வெல்வெட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். கன்னங்கரேல் என்று இரண்டு பாதிகள், தனித்தனியாகப் பஞ்சில். இரண்டிலும் முழுச் சுருள் எழும்பி நின்றது, ஓரமெல்லாம் தங்க ரேகை. ஹிரண்யகர்ப்பம் என்கிற வகை, லட்சத்தில் ஒன்று என்றான்.

அசல் கல்லில் பொன்னிறம் வருவது உண்டு. அது பைரைட் என்கிற இரும்புத் தாது. கல்லுக்குள் பொடிப் படிகமாக ஊறியிருக்குமே தவிர, பள்ளத்தில் மட்டும் கோடு கிழித்தாற்போல் ஓடாது. இது இப்போது சொல்கிறேன்.

கடையில் என் பரிசோதனையைக் கேளுங்கள். கன்னத்தில் வைத்தேன், ஜில்லென்றிருந்தது. கனமாக இருந்தது. ஊக்கைத் தீக்குச்சியில் சுட்டுக் குத்தினேன், இளகவில்லை, நாற்றமும் இல்லை. பிசினில் வார்த்த போலி இல்லை என்று முடிவுகட்டினேன். ஹாலோகிராம் ஒட்டிய சான்றிதழ் வேறு. வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தால், அதில் 'இயற்கைக் கல், கருப்பு நிறம்', அப்புறம் எடை, அளவு, அவ்வளவே. அம்மோனைட் என்றோ புதைபடிவம் என்றோ ஒரு இடத்திலும் இல்லை. அந்தக் காகிதத்தில் ஒரு பொய்கூட இல்லை, அதுதான் அவர்கள் சாமர்த்தியம். இயற்கைக் கல்தான். அதில் யாரோ உளி வைத்துச் சுருள் செதுக்கியிருந்தார்கள். சூடும் ஊசியும் இதைக் காட்டிக்கொடுக்காது.

தங்கம் மிதந்த அன்றே இரண்டு பாதியையும் எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைக்கூடத் தேடவில்லை அவர்.

"மூடுங்க தம்பி."

"என்ன சார்?"

"ஒரே கல்லைப் பிளந்ததுன்னுதானே வித்தான்? திரும்ப மூடிக் காட்டுங்க."

மூடவில்லை. மேட்டின்மேல் மேடு உட்கார்ந்து ஆடியது. நடுவில் விரல் நுழைகிற இடைவெளி.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். உருண்டையைச் சுத்தியால் தட்டினால், உள்ளே ஓடு கிடக்கிற தளம்தான் பலவீனம், அங்கேதான் பிளக்கும். பிளந்தால் ஓடு பெரும்பாலும் ஒரு பாதியோடு போகும், மறு பாதியில் அதன் பதிவு பள்ளமாக நிற்கும். கொழுக்கட்டையும் அச்சும் போல. எனக்கு விற்றவன் இரண்டு கொழுக்கட்டை கொடுத்திருக்கிறான். அதோடு, ஒன்றில் சுருள் வலமாகச் சுற்றினால் மற்றதில் இடமாகத்தான் தெரிய வேண்டும், கண்ணாடியில் பார்ப்பதுபோல. என்னுடையதில் இரண்டும் வலம். உளிக்காரருக்குக் கை பழகிய பக்கம் அதுதானோ என்னவோ.

பிறகு சுருளைக் காட்டினார். அம்மோனைட் வளர வளரத் தன் ஓட்டின் வாயையும் அகலமாக்கிக்கொண்டே போகும் பிராணி. நடுவிலிருந்து வெளியே வரவர ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடப் பருக்க வேண்டும். சில வகைகளில் மெதுவாகப் பருக்கும், ஆனாலும் பருக்கும். என்னுடையது நடுவிலிருந்து விளிம்புவரை ஒரே கனத்தில், தேன்குழல் பிழிந்ததுபோல் இருந்தது. அந்தப் பக்கத்து அம்மோனைட்டுகள் பலவற்றில் சுற்றின் குறுக்கே விலா எலும்புபோல வரிகள் ஓடும், நடுவழியில் ஒன்று இரண்டாகப் பிரியும். இங்கே மேல்பக்கம் மட்டும் வரி கீறிவிட்டு, வளைவில் கை வலித்து நிறுத்தியிருந்தார்கள்.

கடைசியில் பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தார். தங்கம் மொத்தமும் பஞ்சுக்கு வந்தது. கருப்பிலும் பாதி வந்தது. அடியில் சாம்பல் நிறக் கல். கருப்பு கூடுவதற்கு அசல் கல்லுக்கும் எண்ணெய் தடவி விற்பார்களாம், அது பெரிய குற்றமில்லை. ஆனால் என்ன பெயின்ட் என்றே தெரியாததைக் கழுவிக் குடித்திருக்கிறோம். தீர்த்தம் எடுக்கிற கல்லானால், அசலோ போலியோ, முதலில் இப்படி ஒரு ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். சாயம் வந்தால் அதில் தீர்த்தம் எடுக்காதீர்கள்.

பூஜைக்கில்லாமல் சேகரிப்புக்கு மட்டும் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மடகாஸ்கரிலிருந்து வருகிற, நடுவில் அறுத்து மெருகேற்றிய சிறிய அம்மோனைட்டுகளில் போலி குறைவு. அசலே அங்கே ஏராளமாகக் கிடைப்பதால் செதுக்குகிற கூலி கட்டாது. அறுத்த முகத்தில் அறை அறையாகத் தடுப்புகளும் உள்ளே படிகமும் கண்ணுக்கே தெரியும். மொராக்கோ சரக்கில் மட்டும் உஷார். பெரிய பாறையில் முழுசாக, பளிச்சென்று எழும்பி நிற்பதைக் காட்டினால், எவ்வளவு ஒட்டியது, எவ்வளவு செதுக்கிச் சேர்த்தது என்று கேளுங்கள். மூளி என்று நான் ஒதுக்கியவைதான் நம்பக்கூடியவை.

கடைக்காரனுக்கு மூடாத பாதிகளைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் நீல டிக் மட்டும். மூன்றாம் நாள் பதில் வந்தது: வீட்டுக்குள் வந்த சாளக்கிராமத்தைத் திருப்பி அனுப்புவது பெரிய தோஷம், உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன். சான்றிதழில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அதைப் படித்துப் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன வாரம் அவனாகவே ஒரு படம் அனுப்பினான். புதுச் சரக்காம், இதைவிடப் பெரியது, எனக்கென்றால் விலையில் குறைத்துத் தருவானாம். வெல்வெட்டில் இரண்டு பாதிகள். இரண்டும் மேடு, இரண்டும் வலம்.