தொல்லையில்லாத கிருமிக்கு ஏன் மருந்து?

டொராண்டோவிலிருந்து திருச்சிக்கு வந்திருந்தபோது, விடுதியில் சேர்வதற்கு மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டதால், கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளைத் தனியார் பரிசோதனை நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். இரத்தப் பரிசோதனை முடிவுகள் மாலைக்குள் கைப்பேசிக்கே வந்துவிட்டன. அந்த வேகம் பாராட்டத்தக்கது. சிறுநீர் மாதிரியைக் கையாண்ட விதம்தான் கவலை தந்தது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அப்படிப் பிடிக்காவிட்டால் தோலிலுள்ள கிருமிகளும் கலந்துவிடும். பெயர் ஒட்டிய டப்பாக்கள் முகப்பு மேசையில் ஒரு தட்டில் நெடுநேரம் இருந்தன. திருச்சி வெயிலில் அவற்றிலுள்ள கிருமிகள் பெருகாமலா இருக்கும்?

பின்னர் வந்த கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையில், குடலில் வாழும் ஈ.கோலை கிருமி மில்லிலிட்டருக்கு 1,00,000க்கும் மேல் என்று சிவப்பெழுத்தில் இருந்தது. அவளுக்கு எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆயினும் நிலையத்தின் மருத்துவர் அவளைப் பார்க்காமலேயே செஃபிக்சைம் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை எழுதி அனுப்பியிருந்தார்.

அறிகுறி இல்லாத பெண்ணுக்கு அடுத்தடுத்து இரு மாதிரிகளில் அதே கிருமி அந்த அளவில் தென்பட்டால்தான் சிறுநீரில் கிருமி இருப்பதாகவே கொள்வார்கள். அப்படி இருந்தாலும் அது நோயாகிவிடாது. பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு வந்த இளம்பெண்களையும் உள்ளடக்கி 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அம்மாணவியரின் மாதிரிகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தில் இத்தகைய கிருமி இருந்தது. பெரும்பாலும் அது நீடிக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் காயம் ஏற்படுத்தக்கூடிய அறுவை சிகிச்சைக்குச் செல்வோருக்கும் மட்டுமே தேடிப் பார்த்துச் சிகிச்சை தர வேண்டும் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஆரோக்கியமான மாணவிக்குத் தேவையற்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால், உடலின் நல்ல கிருமிகள் அழிவதோடு, மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. செஃபிக்சைம் விற்பனையைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று 2014 முதல் இந்தியாவில் விதி இருப்பதும் இந்த அச்சத்தால்தான்.

எங்கள் தெருவிலுள்ள பெண் மருத்துவர், எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், முதுகுவலி, கர்ப்பத்துக்கான வாய்ப்பு என ஒவ்வொன்றாக அவளைத் தனியே அழைத்துக் கேட்டறிந்தார். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டாம் என்று சொன்னார். விடுதிப் பெண்களுக்கு மிகவும் தேவையான சொல் அது. மருந்து எதுவும் எழுதாமல், எரிச்சலோ குளிர்க்காய்ச்சலோ விலாவலியோ வந்தால் அன்றே வந்துவிடம்மா என்று கூறி அனுப்பினார்.