வாடும் பவளத்துக்குச் சுண்ணாம்பு நீரா, இரட்டைக் கரைசலா?

வீட்டுக் கடல்தொட்டியில் பவளம் வாடினால் முதலில் பார்க்க வேண்டியவை எல்லோரும் அறிந்தவைதான். உவர்ப்பு ஆயிரத்துக்கு 35-ஐ ஒட்டி நிற்கிறதா, வெப்பம் ஏறி இறங்குகிறதா, அண்மையில் விளக்கை மாற்றினோமா, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எவ்வளவு? இவற்றில் ஒன்றும் சிக்காமல், அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல் பவளத்தின் அடியில் மட்டும் சதை உரிந்து, வெள்ளை எலும்பின் விளிம்பு மெல்ல மேலேறினால் நான் காரத்தன்மையைத்தான், அதாவது நீரில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவைத்தான், சந்தேகிப்பேன். என் தொட்டியில் கால்சியம் லிட்டருக்கு 410 மில்லிகிராம் காட்டியபோது காரத்தன்மை 6 டிகேஎச்சுக்கும் (dKH, காரத்தன்மையை அளக்கும் அலகு) கீழே கிடந்தது. இயற்கைக் கடல்நீரிலேயே அது 7 அளவில் இருக்கும்.

இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பவளம் எலும்பு கட்டுவது கால்சியம் கார்பனேட்டால். லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியத்தை அது எடுத்தால் கூடவே 2.8 டிகேஎச் காரமும் போய்விடும். 420-இல் 20 குறைந்தால் வீட்டுச் சோதனைக் குப்பியில் கண்ணுக்கே தெரியாது, 8-இல் 2.8 குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு காலி. கால்சியத்தை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலைதான்.

நான் எழுதுவது சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருந்து. இந்தியாவில் கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. அங்கே வீட்டுத் தொட்டிக்கு அவற்றை வாங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

காரத்தை ஈடுகட்ட நான்கு வழிகள் உண்டு. நீர் மாற்றுவதை மட்டும் நம்புவது மென்பவளத் தொட்டிக்குப் போதும். கல் பவளத்துக்குப் போதாது. 6-இல் கிடக்கும் தொட்டியில் 8 உள்ள புதுநீரைப் பத்து விழுக்காடு மாற்றினால் கிடைப்பது 6.2. அடுத்தது கால்சியம் ரியாக்டர்: கரியமில வாயு சிலிண்டர் வைத்துப் பவளச் சல்லியைக் கரைத்து எடுக்கும் கருவி. பெரிய தொட்டிக்காரர்கள் மெச்சுகிறார்கள். நான் ஓட்டியதில்லை, நண்பர் வீட்டில் பார்த்ததோடு சரி. தொட்டியின் பிஎச் அளவை அது கீழே இழுக்கும் என்பதும், முதல் செலவு கையைக் கடிக்கும் என்பதும் மட்டும் உறுதி.

ஆக, உண்மையான போட்டி மற்ற இரண்டுக்குள்தான்.

இரட்டைக் கரைசலில் ஒரு குப்பியில் கால்சியம் குளோரைடு, மற்றதில் சோடியம் கார்பனேட் அல்லது பைகார்பனேட். டோசிங் பம்ப் என்னும் அளந்து சொட்டும் கருவி இரண்டையும் தனித்தனியாக, வெவ்வேறு நேரத்தில் சொட்டுகிறது. அளவு துல்லியம், எவ்வளவு தேவையோ அவ்வளவு கூட்டலாம். வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ் ஃபார்லி வெளியிட்ட செய்முறையைப் பின்பற்றி வீட்டிலேயே கலப்பவர்கள் ஏராளம். குறை என்னவென்றால், இரண்டும் சேர்ந்து மிச்சம் விடுவது சாதாரண உப்பு. உவர்ப்பு மெல்ல ஏறும், கவனித்து இறக்க வேண்டும். பம்பின் ஒரு குழாய் தேய்ந்து அளவு குறைந்தாலும் போதும், கால்சியமும் காரமும் ஆளுக்கொரு திசையில் போய்விடும்.

நான் தேர்ந்தது சுண்ணாம்பு நீர். 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் ஐரோப்பாவில் பரப்பிய பழைய முறை இது. லிட்டர் ஆர்ஓ (சவ்வு வழி வடிகட்டிச் சுத்திகரித்த) நீருக்கு இரண்டு கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு போட்டுக் கலக்கி, மூடி, தெளியவிட வேண்டும். ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். மிச்சம் அடியில் தங்கும். மேலே பாலாடை போல ஒரு படலம் கட்டும். காற்றின் கரியமில வாயு பட்டு உண்டான கார்பனேட் அது. கலைக்காமல் விட்டால் கீழே உள்ள நீரை அதுவே காக்கும். நடுவில் இருக்கும் தெளிவை மட்டும் எடுத்துச் சொட்டவிட வேண்டும். பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் கால்சியமும் காரமும் சேர்ந்தே போகின்றன, உப்பு மிச்சம் இல்லை. ஜன்னலை அடைத்து ஏசி போட்ட அறையில் இரவில் பிஎச் 7.8-க்குச் சரிவதையும் இது தூக்கிப் பிடிக்கும். (இங்குள்ள லிட்டில் இந்தியாவின் தேக்கா கடைகளில் விற்கும் வெற்றிலைச் சுண்ணாம்பும் அடிப்படையில் இதே பொருள்தான். ஆனால் அதில் வேறென்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாது; தொட்டிப் பக்கம் கொண்டுபோக மாட்டேன்.)

முடிவைத் தீர்மானிப்பது ஆவியாதல். ஆவியாகும் நீருக்கு ஈடாகத்தான் சுண்ணாம்பு நீரை ஊற்ற முடியும், ஒரு சொட்டு கூடினாலும் உவர்ப்பு இறங்கும். தெவிட்டிய கரைசலில் ஏறத்தாழ 114 டிகேஎச் இருக்கிறது. இருநூறு லிட்டர் தொட்டிக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் 0.57 கூடும். விசிறி வைத்துக் குளிர்விக்கும் தொட்டியில் நாளுக்கு மூன்று லிட்டர் ஆவியானால் 1.7 வரை ஈடு செய்யலாம். வளர்ந்த அக்ரோபோராக்களுக்கும் பெரும்பாலும் தாங்கும். அதே தொட்டியில் விசிறிக்குப் பதில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வைத்து மூடியும் போட்டால் ஒரு லிட்டர் ஆவியானாலே அதிகம். அதாவது சுண்ணாம்பு நீர் போதுமா என்பதை உங்கள் குளிர்விப்பு முறை முன்பே முடிவு செய்துவிடுகிறது. வாங்கும் முன், எதையும் சேர்க்காமல் இரண்டு நாள் இடைவெளியில் ஒரே நேரத்தில் காரத்தைச் சோதித்துத் தொட்டியின் அன்றாடச் செலவைக் கணக்கிடுங்கள். பிறகு ஆவியாகும் நீரை அளந்து பாருங்கள்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். இந்நீரின் பிஎச் 12-க்கும் மேல். தானியங்கி நீர்நிரப்பியின் மிதவை சிக்கி மொத்தமும் ஒரே மூச்சில் கொட்டினால் தொட்டி வெண்மையாகக் கலங்கும், மீனும் பவளமும் சேர்ந்து போகலாம். ஆகவே என் வாளி சிறியது; முழுவதும் கொட்டினாலும் தொட்டி தாங்கும் அளவு. பொடியை அள்ளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

காரத்தை ஏற்றும்போது நாளுக்கு ஒரு டிகேஎச்சுக்கு மேல் வேண்டாம், பாதி என்றால் இன்னும் நல்லது. பாஸ்பேட் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும் தொட்டியில் காரத்தை 10, 11 என்று தூக்கினால் கிளை நுனிகள் கருகும். நான் 8-இல் நிறுத்துகிறேன். வெள்ளை விளிம்பு ஏறுவது நின்றது, நுனிகளில் புது வளர்ச்சியும் தெரிகிறது. ஆனால் அதே வாரத்தில் பாஸ்பேட் வடிகட்டியின் பொருளையும் குறைத்தேன். முழுப் புகழையும் சுண்ணாம்புக்கே கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

சில்லர் வைத்த, கல் பவளம் நெருங்கி வளர்ந்த தொட்டிக்கு இரட்டைக் கரைசலே சரி. அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கும் அதுதான். அவர்கள் மாதம் ஒருமுறை பம்பின் ஒவ்வொரு குழாயையும் அளவுக் குவளையில் ஓடவிட்டுச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.