வீவக வீட்டுக்குள் இணையம்: கேபிளா, மெஷ் வைஃபையா?

சிங்கப்பூரின் ஈசூனில் மறுவிற்பனை நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கினோம். குடிபோவதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஃபைபர் கூடத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து அறைகளுக்கு எப்படிக் கொண்டுபோவது? கேட்-6 எனும் தரத்தில் வரும் செம்புக் கேபிள், பல பெட்டிகள் கம்பியின்றி ஒன்றுக்கொன்று கைமாற்றும் மெஷ் வைஃபை, மின்கம்பி வழியே போகும் பவர்லைன் என மூன்று வழிகள். மின்வேலைக்கு வந்த தம்பி, “இப்பல்லாம் யாருண்ணே கேபிள் இழுக்குறாங்க? ரெண்டு மெஷ் பெட்டி வாங்கி வச்சிட்டுப் போங்க” என்றார். நான் கேபிள்தான் இழுத்தேன். ஆகவே இந்த அலசல் கேபிள் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

விலை, தோற்றம் பற்றிய பேச்சைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மெஷ்ஷுக்குச் சில நூறு வெள்ளி ஆகும். துளை போட வேண்டாம், வீடு மாறினால் கையோடு எடுத்துப்போகலாம். வாடகைக்கு இருப்பவர்கள் யோசிக்காமல் அதையே வாங்கலாம். கேபிளில் பொருள் மலிவு, கூலிதான் அதிகம். சுவரோரம் டிரங்கிங் (கேபிளை மூடும் பிளாஸ்டிக் உறை) ஓடுவது சிலர் கண்ணை உறுத்தும். அண்மையில் கட்டிய பிடிஓ வீடுகளில் (வீவகவிடம் முன்பதிவு செய்து வாங்கும் புது வீடுகள்) அறைகளுக்கே ஆர்ஜே45 எனும் கேபிள் செருகும் முனை வந்துவிடுவதால் அவர்களுக்கு இந்தப் பஞ்சாயத்தே இல்லை. அந்த முனைக்கு முன்னால் அலமாரியை நிறுத்திவிட்டு, வைஃபை சரியில்லை என்று புலம்புகிறவர்கள் எனக்கு வேண்டியவர்களிலேயே உண்டு.

என்னைக் கேபிள் பக்கம் தள்ளியது வேகம் அல்ல. ஊடகம் தனக்கே உரியதா, பிறரோடு பங்கிட்டதா என்பதுதான். கேபிளின் ஒரு முனையில் கணினி, மறுமுனையில் சுவிட்ச் (கேபிள்கள் வந்து சேரும் பெட்டி); நடுவே வேறு யாரும் கிடையாது. அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். ஃபுல் டூப்ளக்ஸ் என்பது இதுதான். வைஃபையில் அப்படி இல்லை. ஒரே சேனலில் (அலைத்தடத்தில்) இருக்கும் எல்லாக் கருவிகளும், அடுத்த வீட்டு ரவுட்டர் உட்பட, ஒரே மைக்கைப் பகிர்ந்துகொள்ளும் பட்டிமன்றம் அது, நடுவரும் இல்லை. அனுப்ப நினைக்கும் கருவி முதலில் சேனல் காலியா என்று கவனிக்கும். காலியானால் குத்துமதிப்பாக ஒரு சிறு அவகாசம் விட்டு அனுப்பும். ‘கிடைத்தது’ என்று மறுமுனை சொல்லாவிட்டால், இன்னும் நீண்ட அவகாசம் விட்டு மறுபடி அனுப்பும். சிஎஸ்எம்ஏ/சிஏ என்று பாடத்தில் வருவது இந்த ஏற்பாடுதான். தான் அனுப்பிக்கொண்டிருக்கும்போது அதே சேனலில் பிறர் அனுப்புவதை வைஃபை ரேடியோவால் கேட்க முடியாது. தன் சமிக்ஞையே எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். அதனால்தான் இவ்வளவு முன்னெச்சரிக்கை. பெட்டியில் அச்சிட்ட வேகம் கைக்கு வராததற்கு இந்தக் காத்திருப்பு பெரிய காரணம்.

புளோக் வீட்டில் இது இன்னும் மோசம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். மேலே, கீழே, இருபக்கமும் அண்டை வீடுகள். 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட்டைத் தாண்டத் திணறும். அண்டை வீட்டுத் தொல்லை அதனால் குறையும், ஆனால் நம் பின்னறைக்கும் சமிக்ஞை ஒழுங்காக வராது. வழியில் பாம் ஷெல்டர் (வீட்டுக்குள்ளேயே கட்டிய வெடிகுண்டுப் புகலிட அறை) இருந்தால் கேட்கவே வேண்டாம். கம்பி வைத்த கனமான கான்கிரீட், இரும்புக் கதவு.

இந்தக் கேபிளில் ஓடும் இணைப்பு முறையான ஈதர்நெட்டும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1973ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃப் அதை உருவாக்கியபோது எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியில் தொங்கின. யோசனையின் வேர் ஹவாய்த் தீவுகளை வானொலியால் இணைத்த அலோஹாநெட். 1990 வாக்கில் கல்பனா என்ற நிறுவனம் ஈதர்நெட் சுவிட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் அதற்கு வைத்தது தன் மனைவி பெயரை. 1994ல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. சுவிட்ச் பரவப் பரவ ஒவ்வொரு கணினிக்கும் தனிவழி கிடைத்தது. ஈதர்நெட் அன்றைக்கே விட்டு வெளியேறிய நெரிசலில் வைஃபை இன்னும் நிற்கிறது.

வேகச் சோதனை இதைக் காட்டாது. அது சராசரியைத்தான் சொல்லும். இரவு ஒன்பது மணிக்கு, இணையத்தை விட்டுவிட்டு உங்கள் ரவுட்டரையே பிங் செய்து (சிறு செய்தி அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளந்து) பாருங்கள். எங்கள் வீட்டில் கேபிளில் ஒரு மில்லிவினாடிக்கும் கீழேயே நிற்கிறது. வைஃபையில் மூன்று, ஐந்து என்று போய்க்கொண்டிருப்பது திடீரென எண்பதுக்குத் தாவும். படம் பார்க்கிறவருக்கு அது தெரியாது. ஸூமில் பாடம் நடத்துகிற என் மனைவிக்கு நன்றாகவே தெரியும்.

மெஷ் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதில்லை, எட்டும் தூரத்தைத்தான் கூட்டுகிறது. பின்னறைப் பெட்டி, வாங்கிய தரவை அதே ரேடியோவில் திருப்பி அனுப்பினால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மூன்று அலைவரிசைப் பெட்டிகள் ஒன்றைத் தங்களுக்குள் பேச ஒதுக்கிக்கொள்வதால் சமாளிக்கின்றன. பெட்டிகளைக் கேபிளால் இணைப்பதே சிறந்தது என்று மெஷ் விற்பவர்களே சொல்கிறார்கள்!

வீட்டுக்கு வரும் ஃபைபரும் பங்கிட்டதுதானே என்று கேட்கலாம். ஆமாம், ஜிபான் எனும் ஃபைபர் முறையில் பல வீடுகளுக்கு ஒரே இழை பிரிந்துதான் வருகிறது. ஆனால் அங்கே அனுப்பும் நேரத்தை மையக் கருவி முறைவைத்துக் கொடுக்கிறது, முட்டிமோதல் இல்லை. வைஃபை 6 முதல் ரவுட்டரும் ஓரளவு இப்படி முறைவைக்க முடியும். நான் அதைப் புழங்கியது சொந்தக்காரர் வீட்டில் கொஞ்ச நாள்தான், நன்றாகவே இருந்தது. ஆனால் அண்டை வீட்டு ரவுட்டர் நம் ரவுட்டரின் முறைக்குக் கட்டுப்படாது.

பவர்லைன் பற்றி என் அனுபவம் இன்னும் குறைவு. நண்பர் வீட்டில் பார்த்தவரை, சுவர் பிளக்கில் நேராகச் செருகினால் ஓடியது, எக்ஸ்டென்ஷனில் செருகினால் படுத்துவிட்டது. மின்கம்பியும் எல்லாருக்கும் பொதுவான ஊடகம்தான் என்பதால் அதற்குமேல் நான் ஆராயவில்லை.

கேபிள் இழுக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். இப்போது 10 ஜிபிபிஎஸ் (வினாடிக்கு 10 கிகாபிட்) திட்டங்கள் விற்கின்றன. அதற்காக அடுத்த தரமான கேட்-6ஏ வேண்டும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். கேட்-6 சுமார் 55 மீட்டர் வரை 10 ஜிபிபிஎஸ் தாங்கும், நாலறை வீட்டில் அவ்வளவு தூரம் வராது. 6ஏ தடிமன் அதிகம், டிரங்கிங் மூலைகளில் மடக்குவது பெரும்பாடு. செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும், வாங்க வேண்டாம். முழுச் செம்பா என்று கேட்டே வாங்குங்கள். பாம் ஷெல்டர் சுவரை ஊடுருவித் துளைக்க அனுமதி இல்லை, சுற்றித்தான் போக வேண்டும். தச்சர் வருவதற்கு முன் வேலையை முடித்துவிடுங்கள். அலமாரி ஏறிய பிறகு யாரும் கை வைக்க மாட்டார்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒன்றுக்குப் பதில் இரண்டாக இழுக்கச் சொல்லுங்கள்: கூலி பெரிதாக ஏறாது, ஒன்று மேசைக்கு, இன்னொன்று பின்னாளில் வைக்கப்போகும் வைஃபை பெட்டிக்கு.