டாலியின் உடலும் எர்ன்ஸ்ட்டின் பூதமும்

ஸ்பெயின் உள்நாட்டுப் போர் 1936 ஜூலையில் வெடித்தது. அந்தக் காலத்தின் பயத்தை இரண்டு சர்ரியலிச ஓவியங்கள், அதாவது நிஜத்தை மீறிய கனவு போன்ற காட்சிகளை வரையும் பாணியில் வந்தவை, இரண்டு விதமாகப் பிடித்திருக்கின்றன.

சால்வடார் டாலியின் 'அவித்த பீன்ஸுடன் மென்மையான கட்டுமானம்' போருக்குச் சற்று முன்பு வரைந்தது. இப்போது பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வானத்தை மறைக்கும் ஓர் உடல் தன்னைத்தானே பிய்த்துக்கொள்கிறது. முறுக்கேறிய கை ஒன்று மார்பைப் பிடித்துக் கசக்குகிறது. மேலே ஒரு முகம், வலியில் பல்லைக் கடித்தபடி. வெளியிலிருந்து வந்த எதிரி யாரும் இல்லை. அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு சாகும் போர் வேறு எப்படி இருக்கும்? என்னை அதிகம் உறுத்துவது தரையில் சிதறிக் கிடக்கும் பீன்ஸ்தான். இவ்வளவு மாமிசத்தை விழுங்கக் கூடவே கொஞ்சம் காய் வேண்டாமா என்ற பொருளில் டாலியே அதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்.

மாக்ஸ் எர்ன்ஸ்ட்டின் 'வீட்டுத் தேவதை' 1937இல் வந்தது. பெயர்தான் தேவதை. கந்தல் துணிகள் உயிர்பெற்றது போன்ற வண்ணப் பூதம் ஒன்று, வாயைப் பிளந்துகொண்டு வெட்டவெளியில் குதித்து வருகிறது. இங்கே ஆபத்து உள்ளே இல்லை, நம்மை நோக்கி வருகிறது. எர்ன்ஸ்ட் ஜெர்மானியர், பிரான்சில் வாழ்ந்தவர். 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அவரை எதிரி நாட்டவர் என்று பிரான்ஸ் முகாமில் அடைத்தது.

ஓவியத் திறமையில் டாலிதான் மேல். ஆனால் ஐரோப்பா முழுவதும் பாசிசத்தை நினைத்து நடுங்கியதை உணர, நான் எர்ன்ஸ்ட்டிடம்தான் திரும்பத் திரும்பப் போகிறேன்.