பொலன்னறுவை மாளிகை பார்க்கப் போகிறவர்களே, கதுருவெலயில் கவனம்

மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற குடும்பங்கள் நிறைய. ஏறாவூர், வாழைச்சேனை, புணானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி என்று பஸ் நேரே போய்விடும். ரயிலும் அநேகமாக அந்தப் பக்கமாகத்தான் போகிறது. சொந்த வாகனம் இல்லாதவர்களும் விடியப் புறப்பட்டால் பராக்கிரமபாகு அரசனின் மாளிகையைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு வந்து சேரலாம். கட்டாயம் போங்கள். ஆனால் எங்களுக்கு நடந்ததை வாசித்துவிட்டுப் போங்கள்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். ஏமாற்று அங்கேதான் தொடங்குகிறது. ரயில் நிலையத்தில் 'பொலன்னறுவை' என்று பலகை இருக்கும். அந்த நிலையம் இருப்பது கதுருவெலயில். பெரிய பஸ் நிலையமும் கதுருவெலயில்தான். மாளிகை, சிவன் கோயில்கள், கல் விகாரை எல்லாம் பழைய நகரத்தில். இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர். நம்ம பக்கத்திலிருந்து போகும்போது முதலில் கதுருவெல வரும், அதைத் தாண்டித்தான் பழைய நகரம். கொழும்பு பஸ் அந்தப் பழைய நகரத்துக்குள்ளாலேதான் ஹபரணைக்குப் போகிறது. புதிதாகப் போகிறவருக்கு இது தெரியாது. தெரியாது என்பது அங்கே நிற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான், அம்மா, மகன், சுவிஸிலிருந்து லீவில் வந்திருந்த மச்சாள், இவ்வளவு பேரும்தான் போனோம். ஏறியது கொழும்பு போகிற ஒரு தனியார் பஸ். ஏறும்போதே கொண்டக்டரிடம் கேட்டேன், பழைய நகரத்தில் இறக்கிவிடுவீர்களா என்று. "ஓம் அக்கா, வாசல்லயே இறக்கிவிடுறன்" என்றார். காசு எடுக்கும்போது இது அரை சொகுசு பஸ், கட்டணம் கூட என்றார். சீற் கிழிந்து பஞ்சு வெளியே தெரிகிறது, நடுவில் ஆட்கள் நிற்கிறார்கள். அரை சொகுசு என்றால் சாதாரணக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு எடுக்கலாம், அது சட்டப்படி சரி. ஆனால் சாதாரண பஸ்ஸை அப்படிச் சொல்லி எடுப்பது களவு. ரிக்கெற் கேட்டேன். மெஷின் பழுது என்றார். ஏறாவூரில் ஏறிய ஒரு ஐயா அதே கதுருவெலைக்குக் கொடுத்த காசு எங்கள் ஆளுக்குரிய காசில் பாதிதான். அவர் அடிக்கடி போகிறவர், சரியான காசை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டே ஏறினார். கொண்டக்டர் அவரிடம் வாய் திறக்கவில்லை.

கதுருவெல வந்ததும் "இறங்குங்க, இறங்குங்க, இதுதான் பொலன்னறுவ" என்று சத்தம். பழைய நகரம் என்றுதானே சொன்னீர்கள் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் எங்கள் பையைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. படியில் கைபிடித்து இறக்குகிற அவகாசம் கூடக் கொடுக்காமல் பஸ் நகர்ந்தது. நாங்கள் போகவேண்டிய வாசலைத் தாண்டித்தான் அந்த பஸ் கொழும்புக்குப் போகிறது. அதற்கும் சேர்த்துத்தான் நாங்கள் காசு கொடுத்திருந்தோம்.

பை வைத்த இடத்திலேயே ஒரு ஓட்டோ நின்றது. ஓட்டுநர் நல்ல தமிழ் பேசினார். "மாளிகைக்கு பஸ் போகாது அக்கா. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர், காட்டுப் பக்கம், யானை வேற. எல்லாத்தையும் சுத்திக் காட்டித் திருப்பி இங்க விட 6,000." அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். நடக்க முடியாத ஒருவரை வைத்துக்கொண்டு வெயிலில் ரோட்டோரம் நிற்கிற பெண்களிடம் எதையும் கேட்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மீற்றர் போடச் சொன்னேன். சுற்றுலா ஓட்டத்துக்கு மீற்றர் இல்லை என்றார்.

முதலில் கொண்டுபோனது ஒரு மரச்சிற்பக் கடைக்கு. நாங்கள் கேட்கவே இல்லை. ஒரு யானைப் பொம்மைக்கு அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு அம்மா கையை எடுத்துவிட்டார். அங்கே அரை மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. அப்புறம் குளக்கரைப் பக்கமாக நூதனசாலைக்கு வந்தோம். வெளிநாட்டுப் பாஸ்போட் உள்ளவர்களுக்கான நுழைவுச்சீட்டை அங்கேதான் கொடுக்கிறார்கள். "உள்ள கியூ, அம்மாவோட நீங்க நிழல்ல இருங்க, நான் எடுத்திட்டு வாறன்" என்று மச்சாளிடம் 9,000 ரூபாய் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். பெயர் பதிந்துவிட்டதாம், சீட்டு தேவையில்லையாம்.

அங்கிருந்து ஓட்டோ இரண்டு நிமிடம் கூட ஓடவில்லை. குளத்தோரம், வரிசையாகக் கற்றூண்கள், பக்கத்தில் செங்கல் இடிபாடு. "இதுதான் அக்கா ராசா மாளிகை. போட்டோ எடுங்க."

இடம் அழகான இடம்தான், அதை மறுக்க மாட்டேன். பராக்கிரம சமுத்திரம் என்கிற அந்தப் பெரிய குளத்துக் காற்று முகத்தில் அடிக்கிறது. ஆனால் மகன் பத்தாம் ஆண்டு, வரலாற்றுப் பாடத்தை விரும்பிப் படிக்கிற பிள்ளை. ஏழு மாடி, ஆயிரம் அறை என்று பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிற மாளிகையின் சுவர் எங்கே என்று தேடினான். தொல்லியல் திணைக்களத்தின் பலகைக்குப் போய் விரல் வைத்து வாசித்துவிட்டுத் திரும்பி வந்து, "அம்மா, இது நிசங்கமல்லனுடையது" என்றான். அது உண்மை. பராக்கிரமபாகு ஆண்டது 1153 முதல் 1186 வரை. நிசங்கமல்லன் அவனுக்குப் பிறகு, 1187 முதல் 1196 வரை. குளக்கரையில் இருப்பது நிசங்கமல்லனின் மாளிகையும் சபா மண்டபமும். அவன் சபையில் யார் யார் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தூணிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம். ஆனால் நாங்கள் பார்க்கப் போனது அது இல்லை. இன்னொன்று, குளக்கரை இடிபாடுகளைப் பார்க்க நுழைவுச்சீட்டே தேவையில்லை. மச்சாளின் 9,000 எங்கே போனது என்று இப்போது விளங்கும்.

கேட்டதும், "எல்லாம் ராசா மாளிகைதான் தம்பி. பெரியது மூடிக் கிடக்கு, திருத்த வேலை" என்றார். அம்மா அமைதியாகச் சொன்னார்: "அந்த வாசலில் கொண்டுபோய்க் காட்டுங்கோ மகன். மூடியிருந்தா நாங்க திரும்புறம்." அதற்கு இன்னொரு 3,000 கேட்டார். பை அவருடைய சீற்றுக்குப் பின்னால் இருந்தது. 6,000 ரூபாயைக் கையில் வாங்கிய பிறகுதான் பையைத் தந்தார். நான் ஓட்டோவின் இலக்கத்தகட்டைப் படம் எடுத்தேன். அவ்வளவு நேரமும் "அக்கா" என்று கூப்பிட்ட வாய் "நீ" என்று மாறியது அப்போதுதான். நுழைவுச்சீட்டுக் காசைத் திருப்பித் தராமலே போய்விட்டார்.

நூதனசாலைக்கு நடந்தே போய்க் கேட்டோம். மச்சாள் பெயரில் யாரும் சீட்டு எடுக்கவில்லை. மாளிகை மூடவும் இல்லை. கவுண்டரில் இருந்தவர்கள் மரியாதையாகப் பேசினார்கள், மச்சாளுக்குப் புதுச் சீட்டு எடுத்தோம். பக்கத்தில் இளநீர் விற்ற ஒரு ஐயாதான் கொச்சைத் தமிழில் வழி சொல்லி, அம்மாவுக்காகத் தெரிந்த ஒரு பெடியனின் ஓட்டோவையும் கூப்பிட்டுத் தந்தார். அந்தப் பெடியன் வாசல் வரைக்கும் 200 ரூபாய்தான் எடுத்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும். ஊரே மோசம் என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

அப்படித்தான் வெயில் சாய்கிற நேரத்தில் பராக்கிரமபாகுவின் மாளிகைக்குள் போனோம். இதைத்தான் அந்த மனிதர் எங்கள் பிள்ளைக்குக் காட்டாமல் திருப்பி அனுப்பப் பார்த்தார். சுவர் ஏறக்குறைய மூன்று மீற்றர் தடிப்பு. செங்கல் சுவரில் வரிசையாகச் சதுரக் குழிகள், மேல்மாடித் தளத்தின் மர உத்தரங்களைச் செருகியவை. மகன் ஒரு குழிக்குள் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்தான். சில இடங்களில் செங்கல் உருகி வழிந்து இறுகிப்போய்க் கிடக்கிறது, தொட்டால் கண்ணாடி போல வழுவழுப்பு. 1215இல் கலிங்க மாகன் படையெடுத்து வந்தபோது எரிந்தது என்கிறார்கள். நம்ம பக்கத்தில் மாகோன் என்று சொல்கிற அதே மாகன்தான். மட்டக்களப்புத் தேசத்துக் கோயில்களில் எந்தக் குடிக்கு எந்த உரிமை என்ற குடிமுறையை வகுத்தவன் என்று மரபில் சொல்லப்படுகிறவன் எரித்த மாளிகையின் முன்னால், மட்டக்களப்புப் பிள்ளை ஒருவன் நிற்கிறான். அம்மா ஒரு கல்லில் இருந்துகொண்டு அவனுக்கு அந்தக் கதையைச் சொன்னார். பக்கத்துச் சபா மண்டபத்தின் அடித்தளத்தில் யானைகள், ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக நடக்கின்றன. அதை ஒழுங்காகப் பார்க்க நேரம் இல்லை. சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈஸ்வரத்துக்கும் போக முடியவில்லை. இராஜராஜனின் அரசி பெயரில், கல்லாலேயே கட்டிய கோயில் அது. அம்மா வந்ததே அதற்காகத்தான். மரச்சிற்பக் கடையிலும் குளக்கரைச் சண்டையிலும் போன நேரம் இருந்திருந்தால் பார்த்திருப்பார். காசைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

நீங்கள் போகும்போது இதைச் செய்யுங்கள். பஸ்ஸில் ஏறும்போதே 'பரண நகரய' என்று சிங்களத்திலும் சொல்லுங்கள், பழைய நகரத்தைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். கதுருவெலயில் இறக்கப் பார்த்தால் இறங்க வேண்டாம், ரிக்கெற்றைக் காட்டுங்கள். ரிக்கெற் தராவிட்டால் காசு கொடுக்கும் முன்னாலேயே கேளுங்கள், அது உங்கள் உரிமை. ரயிலில் போகிறவர்கள் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சுற்றி நிற்கிற ஓட்டோக்காரரைத் தாண்டிப் பிரதான வீதிக்கு நடந்துவிடுங்கள். ஹபரணை, தம்புள்ளைப் பக்கம் போகிற எந்த பஸ்ஸும் பழைய நகரத்தைத் தாண்டித்தான் போகும். ஏலுமானவர்கள் அங்கே சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம், உள்ளே இடங்கள் பரந்து கிடப்பதால் அதுவே வசதி. ஓட்டோ தேவையானால் பழைய நகரத்தில் எடுங்கள், மீற்றர் போடுகிறவரை எடுங்கள், பையை உங்கள் மடியில் வைத்திருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகள் இருந்தால் நுழைவுச்சீட்டை அவர்களே கவுண்டரில் நின்று எடுக்கட்டும். நுழைவுச்சீட்டுக் காசை வேறு எவர் கையிலும் கொடுக்க வேண்டாம்.

திரும்பும்போது கதுருவெலயிலிருந்து நம்ம பக்கத்துக்கு வரும் கடைசி பஸ்களில் தொங்கிக்கொண்டு ஏறாதீர்கள். 2023 ஜூலையில் கதுருவெலயிலிருந்து காத்தான்குடிக்கு வந்த பஸ் மன்னம்பிட்டியில் கொட்டலிய பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். இ.போ.ச. (அரசாங்க) பஸ் ஒன்று நின்றால் அதையே பாருங்கள்.

மாகாணம் விட்டு மாகாணம் ஓடுகிற பஸ்களைப் பற்றி தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் 1955 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பஸ் இலக்கம், திகதி, நேரம், ஏறிய இடம், கொடுத்த காசு இவ்வளவும் கையில் இருக்க வேண்டும். நாங்கள் பஸ் பற்றி அங்கே சொல்லியிருக்கிறோம், ஓட்டோ பற்றிப் பொலிஸில் இலக்கத்தகட்டுப் படத்தோடு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி குளக்கரையைக் காட்டி அனுப்பப்பட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் நீங்களும் எழுதிக் கொடுங்கள். ஒரு குடும்பத்தின் கடிதம் மேசையில் கிடக்கும். பல குடும்பங்களுடையது வந்தால் அந்த ஓட்டோவைக் கூப்பிட்டு விசாரிக்காமல் இருக்க முடியாது.